நொச்சித்திணையும் இரண்டு திரைப்பட ஊர்களும்

புறப்பொருள் இலக்கணம் பயிலும் மாணாக்கர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. ஆநிரை மீட்டலையும் மதில் காத்தலையும் ஆசிரியர் தொல்காப்பியனார் தனித் திணைகளாக ஏன் கொள்ளவில்லை என்பது அது. அவர் மீட்டலை வெட்சியுள்ளும், காத்தலை உழிஞையுள்ளும் அடக்கினார். பிற்காலத்தவராகிய புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனாரோ இவற்றைப் பிரித்து, மீட்போர்க்குக் கரந்தையும் காப்போர்க்கு நொச்சியும் வகுத்தார். புறநானூற்றுப் பாடல்களுக்குத் திணை வரைந்தோரும் நொச்சியைத் தனியே கொண்டனர். எது முறை என்பது பழைய வழக்கு. அதனைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், காப்போர் நிலையைத் தனித்து நோக்கினாலன்றி விளங்காத செய்திகள் சில உள என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று கிடைத்துள்ளது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்து, கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசினை மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்ட 'பக்குராவ்' என்னும் பிரேசில் நாட்டுப் படமே அது. கிளேபர் மென்டோன்சா ஃபில்யோ, ஜூலியானோ டோர்னெலெஸ் என்னும் இருவர் இயக்கியது.

பக்குராவ் என்பது ஓர் இரவுப் பறவையின் பெயர். நம் நாட்டில் பக்கி என வழங்குவதன் இனம். படத்தில் அது வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட உள்நாட்டிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். அந்நிலத்தைப் பாலை எனல் தகும். காலம் இன்றைக்குச் சில ஆண்டுகள் பின்னர் எனக் கொள்ளப்படுகிறது. ஆற்று நீர் மேலே தடுக்கப்பட்டுவிட்டமையால் தண்ணீர் வண்டியை நம்பி ஊர் வாழ்கின்றது. முதியவள் ஒருத்தி இறக்க, ஊரே திரண்டு அவளை அடக்கஞ் செய்யும் காட்சியுடன் கதை தொடங்குகிறது. வாக்குக் கேட்டு வரும் நகர்த்தலைவன் நூல்களை வண்டியிலிருந்து குப்பையைப் போலக் கொட்டிச் செல்கிறான். பின்னர் ஒருநாள் பள்ளியாசிரியர் பிள்ளைகளுக்குச் செயற்கைக்கோள் வரைபடத்தில் தம் ஊரைக் காட்ட முயல்கிறார். ஊர் அங்கே இல்லை. அலைபேசித் தொடர்பு அறுகிறது. தண்ணீர் வண்டியில் குண்டு துளைத்த ஓட்டைகள் காணப்படுகின்றன. அயல்நாட்டார் சிலர் பொழுதுபோக்காக மனிதரை வேட்டையாட வந்துள்ளனர் என்பது மெல்லத் தெளிவாகிறது.

ஈண்டு நாம் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்று. முற்றுகை மதிலில் தொடங்கவில்லை, பெயரில் தொடங்குகிறது. ஓர் ஊரை அழிக்க எண்ணுவோர் முதலில் அதனை வரைபடத்திலிருந்து நீக்குகின்றனர். இல்லாத ஊரில் நிகழ்வது கொலையும் ஆகாதன்றோ! நம் முன்னோர் இதன் மறுதலையை நன்கறிந்திருந்தனர். ஊரொன்றைத் தானமாக வழங்குங்கால் பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, நான்கெல்லையையும் செப்பேட்டில் பொறித்தனர். எல்லையும் பெயரும் எழுதப்பட்ட ஊரே உள்ள ஊர்.

வழிப்போக்கர் போல வரும் இருவர், இவ்வூரில் பிறந்தோரை எவ்வாறு அழைப்பது எனக் கேட்கின்றனர். சென்னையார், மதுரையார் என்பன போன்றதொரு விடையை அவர்கள் எதிர்பார்த்தனர் போலும். அங்கிருந்த சிறுவன், மக்கள் என்றே அழைப்பது எனப் பொருள்பட விடை கூறுகிறான். படம் முழுவதும் இவ்விடைக்கு எழுதிய உரை எனலாம்.

நொச்சித்திணையின் தலையாய எடுத்துக்காட்டு பாரியின் பறம்பு. மூவேந்தர் முற்றிய அம்மலையைப் பற்றிக் கபிலர் பாடிய 109ஆம் புறப்பாட்டு, நொச்சித்திணையின்பாற்பட்டது. அப்பாட்டில் அவர் பாரியின் வாளையோ படையையோ முதற்கண் கூறாமல், உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு உணவுகளை எண்ணிக் காட்டுகிறார். காப்போர் நிலை என்பது போர் மட்டுமன்று, அவ்விடத்தில் வாழும் வாழ்வே என்பது இதனாற் போதரும். 'பக்குராவ்' படத்தை விரைந்த ஓட்டமுடைய கொலைக்கதை என எண்ணிப் பார்ப்போர் அதன் முற்பகுதி மிகமெல்லச் செல்கின்றதே எனக் குறைகூறுதல் உண்டு. பிணத்தைச் சூழ்ந்து நிற்கும் ஊர், மருந்து பங்கிடும் மருத்துவச்சி, கட்டணமின்றி நூல் தரும் பள்ளி ஆகியவற்றைப் படம் நின்று காட்டுவது கபிலர் மலைவளம் கூறிய முறையே ஆதலின், அக்குறை பொருந்தாது.

271, 272ஆம் புறப்பாட்டுகளும் இங்கு நினைக்கத் தக்கன. இளமகளிர் தழையாக அணியும் அதே நொச்சியே மதில் காக்கும் மறவன் தலையிலும் ஏறுகிறது. முன்னதன்கண், குருதி படிந்து உருமாறிய அம்மாலையை ஊன் எனக் கருதிப் பறவை கவர்ந்து செல்கிறது. காப்போர்க்கெனத் தனிப் படைக்கலம் இல்லை. வாழ்வின் பொருள்களே போரின் பொருள்களாகின்றன. பக்குராவ் ஊரில் ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. முன்னொரு காலத்தில் அவ்வூரார் எதிர்த்துப் போரிட்ட நிழற்படங்களும் பழைய துப்பாக்கிகளும் அதன் சுவரில் தொங்கின. வேட்டைக்கு வந்தோர் அங்கு நுழைந்தபோது சுவரில் துப்பாக்கிகளின் வடு மட்டுமே இருந்தது. துப்பாக்கிகள் மக்கள் கையில் இருந்தன.

இஃது இயக்குநர்தம் கற்பனை மட்டுமன்று. 1896–97ஆம் ஆண்டுகளில் அதே வறண்ட நிலப்பகுதியில் கனுடோஸ் என்னும் ஏழைகள் குடியிருப்பைப் பிரேசில் நாட்டுப் படை பலமுறை தாக்கி இறுதியில் அடியோடு அழித்தது. எவுக்ளிடெஸ் த குன்யா 1902இல் அதனைப் பெருநூலாக எழுதினார். பின்னர் அணைநீர் அவ்விடத்தை மூடியது.

போர் முடிந்தபின் அருங்காட்சியகத்தைக் கழுவும் காட்சி ஒன்று வருகிறது. தரையைக் கழுவுமாறு கூறும் காப்பாளர், சுவரிற் பதிந்த குருதிக் கைத்தடத்தை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் விரித்த கற்கோள் நிலை முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றது.

சுவர் நினைவைத் தாங்கும் என்பது காஞ்சிபுர மாவட்டத்தார்க்குப் புதிய செய்தியன்று. திருப்புலிவனத்துக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அதன் அண்மையிலுள்ள உத்தரமேரூரிலோ, முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகப் பொறித்துள்ளன. அக்கல்வெட்டுகளை நாம் பெருமிதத்தோடு எடுத்துக்காட்டுகிறோம்; அது தகும். ஆயினும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் வீடும், மறைப்பயிற்சியும் உடையானே குடவோலைக்கு உரியன் எனவும் அதே கல் கூறுகிறது. நிலமற்றோர் பெயரை எழுத அச்சுவரில் இடமில்லை. சுவர் பெறாத ஊரார் தம் நினைவை எங்குப் பொறிப்பர்? இவ்வினாவோடு தமிழ்ப்படமொன்றை நோக்குவாம்.

மாரி செல்வராசின் 'கர்ணன்' 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. பொடியன்குளம் என்னும் ஊரில் பேருந்து நிற்பதில்லை. வலிப்பு வந்த சிறுமி ஒருத்தி சாலையில் கிடந்து இறக்கும் காட்சியே தொடக்கம். எந்த வண்டியும் நிற்கவில்லை. பக்குராவ் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. பொடியன்குளமோ வழித்தடத்தில் ஏறவே இல்லை. பேருந்து உடைக்கப்பட்டபின் வரும் காவல் அதிகாரியைச் சினமூட்டுவது உடைந்த கண்ணாடி மட்டுமன்று. இவ்வூர்ப் பெரியவர்கள் துரியோதனன் முதலிய அரசர் பெயர்களைத் தாங்கித் தலைப்பாகையுடன் தன்முன் நிற்பதை அவனால் பொறுக்க இயலவில்லை. அவர்களை நிலையத்தில் வைத்து அடித்து நொறுக்குகிறான். பெயரே ஈண்டும் போரின் முதல் மதில்.

இரு படங்களிலும் கழுதை வருவது தற்செயலாகலாம். பகைவர் நிலத்தைக் கழுதை ஏர் பூட்டி உழுதல் வென்றோர் செய்யும் இழிவு எனப் புறப்பாடல்களால் அறிகிறோம். பக்குராவ் ஊரார் தம்மை விற்ற நகர்த்தலைவனைக் கழுதைமேற் பிணித்து முட்காட்டுக்குள் செலுத்துகின்றனர். இழிவு திருப்பி அளிக்கப்படுகிறது. கர்ணனோ முன்கால் கட்டப்பட்ட கழுதையின் தளையை அறுத்து விடுகிறான். எனக்கு இரண்டாவதே மேலெனத் தோன்றுகிறது.

ஆனால் வேறொரு வகையில் பிரேசில் படமே நொச்சிக்கு அணித்தாக நிற்கிறது. அங்குத் தலைவன் என ஒருவனும் இல்லை. மருத்துவச்சி, ஆசிரியர், கொள்ளையன், முதியோர் அனைவரும் காப்போரே. 'கர்ணன்' ஊரின் கதையாகத் தொடங்கி ஒருவனது வாளின் கதையாக முடிகிறது. காவலர் ஊருக்குள் புகுந்து அடித்து நொறுக்கும் நேரத்தில் அவன் திரும்பி வருவதற்காக நாமும் காத்திருக்கிறோம். அவ்வளவு நேரமும் ஊரார் அடிபடுவோராகவே நிற்கின்றனர். தன்னையே எரித்துக்கொள்ளும் முதியவன் ஏமன் ஒருவனே இதற்கு விலக்கு. கர்ணன் சிறை மீண்டு வரும்போது ஊரில் ஓவியமாக இருப்பவன் அவ்வேமனே. நடுகல் அவனுக்கு உரியது என்பதை இயக்குநர் உணர்ந்திருக்கிறார்.

இப்படத்தைக் கண்டோர் பலர்க்கும் நினைவில் எழுந்தது, 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காவலர் பெருந்திரளாகப் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் அழித்த கொடியங்குளம். அவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. படம் அப்பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை; முதலெழுத்தை மாற்றிப் பொடியன்குளம் என்றது.