சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாமா?

நீலகிரி மாவட்டம் கூடலூரில் ‘ஜென்மம் நிலம்’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் வசமிருந்த அந்த நிலங்களை, சாகுபடியாளர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவர 1969-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஜென்மம் காடுகளைப் பொறுத்தவரை அது செல்லாது என 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974-ல் நாடாளுமன்றம் அதே சட்டத்தை அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டது. அந்த அட்டவணையில் ஏறிய சட்டத்தை, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். அப்படியானால் இறுதிச் சொல் யாருடையது?

அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது அரசமைப்பின் 13-வது கூறு. சட்டங்களை நீதிமன்றம் ஆராயும் அதிகாரமான நீதிப் புனராய்வின் வேர் இதுவே. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழகத்தில் போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு வந்த முதல் திருத்தம் கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்டது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காக்க ஒன்பதாவது அட்டவணையையும் உருவாக்கியது.

1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-6 என்று பிரிந்து தீர்ப்பளித்தனர்: நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் இந்த அளவுகோலால் ஆராயலாம் என, கூடலூர் சட்டம் தொடர்பான ஐ.ஆர்.கொய்லோ வழக்கில் 2007-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். 1994-ல் அட்டவணைக்குள் வந்த தமிழ்நாட்டின் 69% இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும்.

விமர்சனம் என்ன?

‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற சொல் அரசமைப்பில் இல்லை. அதன் எல்லையை நீதிபதிகளே வகுக்கிறார்கள். 2015-ல் நீதிபதிகள் நியமன ஆணையத்தை 4-1 என்ற கணக்கில் ரத்து செய்தபோது, தங்கள் நியமனத்தைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. நெருக்கடி நிலையின்போதோ நேர்மாறாக, உரிமையைக் காக்க நீதிமன்றம் தவறியது என்பது விமர்சனம். 1976-ல் ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா மட்டுமே, காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடும் உரிமைக்காக நின்றார்.

இரண்டு விமர்சனங்களிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த அதிகாரம் அவசியம். பெரும்பான்மை பலத்தில் பறிக்கப்படும் உரிமையைக் கேட்க சாமானியருக்கு வேறு இடமில்லை. தீர்ப்பு தவறினால் மக்கள் பிரதிநிதிகள் திருத்தலாம் என்பதற்கு 1951 சாட்சி. நீதிமன்றத்திடம் நாம் கோர வேண்டியது தெளிவான காரணங்களும் காலத்தே விசாரணையும். அட்டவணைக்குள் போன கூடலூர் சட்டத்தை ஆராயலாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே 33 ஆண்டுகள் ஆயின. உரிமைக்காகக் காத்திருப்பவருக்கு அது ஒரு தலைமுறை.