படைவீரனின் பெயரும் அடிமையின் பெயரும்: அமெரிக்க உள்நாட்டு யுத்த ஆவணங்களிலே முன்னோரைத் தேடுதல் பற்றிய ஒரு நோக்கு

முன்னோரின் வரலாற்றைத் தேடி எழுதும் முயற்சி நீண்ட காலமாக உடைமை வர்க்கத்தினருக்கே உரியதாக இருந்துவந்துள்ளது. நிலமும் பட்டமும் வாரிசுரிமையும் உள்ள இடத்திலேதான் தலைமுறைகளின் பெயர்கள் எழுத்திலே பேணப்பட்டன. உழைக்கும் மக்கள் அரசின் ஏடுகளிலே தலைகளின் எண்ணிக்கையாகவோ, வரித் தொகையாகவோ மாத்திரமே இடம்பெற்றனர். 1861 தொடக்கம் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவிலே நடைபெற்ற உள்நாட்டு யுத்தம் இந்நிலைமையிலே ஒரு குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தியது. இலட்சக்கணக்கான சாதாரண மனிதரைப் படையிலே சேர்த்த அரசு அவர்தம் பெயர், வயது, உயரம், பிறந்த இடம், தொழில் ஆகியவற்றைப் பதிந்துகொள்ள நேரிட்டது. யுத்தத்தின் பின்னர் ஓய்வூதியம் கோரியவர்களையும் அது விசாரித்து எழுதிவைத்தது.

அந்நாட்டிலே உள்நாட்டு யுத்தப் படைவீரன் ஒருவனை முன்னோனாகக் காட்டுதல் பெருமைக்குரிய செயலாக வளர்ந்தது. தென் மாநிலங்களிலே 1894இல் மகளிர் சங்கமொன்றும் 1896இல் புதல்வர் சங்கமொன்றும் தோன்றின. தென்படையிலே போரிட்டவரின் வழித்தோன்றல் என நிறுவியவர்களே அவற்றிலே அங்கத்துவம் பெறலாம். யுத்தத்தின் மூலகாரணம் அடிமை முறையே என்னும் உண்மையை மறைத்து, அதனை மாநில உரிமைக்கான வீரப்போராகச் சித்திரிக்கும் கருத்தியலை இத்தகைய சங்கங்கள் பரப்பின. வம்சாவளி அங்கே வெறும் குடும்பப் பற்றாக இருக்கவில்லை. வர்க்க நலனின் கருவியாகவும் தொழிற்பட்டது. யுத்தம் நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே மார்க்ஸ் வியன்னாப் பத்திரிகையிலே எழுதிய கட்டுரைகளில் அடிமை முறையே அதன் மையப் பிரச்சினை என்பதைத் தெளிவாகச் சுட்டியிருந்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களது நிலைமை முற்றிலும் வேறானது. 1850ஆம், 1860ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீடுகளிலே அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. உரிமையாளனின் பெயரின் கீழ் ஒவ்வோர் அடிமையினதும் வயது, பால், நிறம் ஆகியன குறிக்கப்பட்டன, பெயர் எழுதப்படவில்லை. 1860இல் ஏறத்தாழ 40 இலட்சம் மனிதர் இவ்வாறு இருந்தனர். விடுதலை பெற்றவர்கள் பொதுக் குடிசன மதிப்பீட்டிலே பெயருடன் இடம்பெற்ற முதலாண்டு 1870 ஆகும். எனவே, தம் குடும்பத்தைப் பின்னோக்கித் தேடிச் செல்லும் கறுப்பின மக்கள் 1870 என்னும் சுவரிலே மோதி நிற்கின்றனர். அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' 1976இல் வெளிவந்து இத்தேடலைப் பெரியதோர் இயக்கமாக்கியது. அந்நூல் கூறும் வம்சாவளி பின்னர் ஆய்வாளரின் கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆயினும் அது எழுப்பிய தாகம் உண்மையானது.

அச்சுவரிலே உள்ள மிகப் பெரிய வாயில் படைவீரனே. 1863ஆம் ஆண்டு மே மாதத்திலே யுத்தத் திணைக்களம் கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கெனத் தனிப் பணிமனையொன்றை அமைத்தது. யுத்தம் முடிவதற்குள் வடபடையின் தரைப்பிரிவிலே ஏறத்தாழ 179,000 கறுப்பினத்தவர் சேவை செய்தனர். அவர்களுள் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். பெரும்பாலானோரைக் கொன்றது நோயே. வெள்ளையினச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர் வழங்கப்பட்டபோது கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டொலரே வழங்கப்பட்டது. அதிலும் உடைக்கென 3 டொலர் கழிக்கப்பட்டது. சிலர் அக்குறைந்த கூலியைப் பெற மறுத்தனர். 1864ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் சமஊதியச் சட்டம் நிறைவேறியது. இதனையே டு போய்ஸ் 1935இல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்திலே விளக்கினார்: அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறி வடபடையை நாடியமை ஒரு பொதுவேலைநிறுத்தம் என்பது அவரது கருத்து. சேவைப் பதிவுகளை இக்கண்ணோட்டத்திலே வாசித்தல் பயனுடையது. ஆட்சேர்ப்புப் படிவத்திலே காணப்படும் திகதி பல குடும்பங்களுக்கு முன்னோன் ஒருவன் தன் உழைப்பை எசமானிடமிருந்து பறித்தெடுத்த நாளுக்கு மிக அண்மையது.

இப்பதிவுகளிலே ஒரு விசித்திரமான முரண்பாட்டையும் காணலாம். மேரிலண்ட், மிசூரி போன்ற எல்லை மாநிலங்களிலே அரசுக்கு விசுவாசமாயிருந்த உரிமையாளருக்கு, படையிலே சேர்ந்த அடிமையின் பொருட்டு 300 டொலர் வரை நட்டஈடு கோரும் உரிமை வழங்கப்பட்டது. அதனைப் பெற விரும்பியவன் தன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சமர்ப்பிக்கப்பட்ட பத்திரங்கள் அச்சிப்பாயின் சேவைக் கோவையிலேயே கிடக்கின்றன. மனிதனைச் சரக்காக மதித்து எழுதப்பட்ட விலைப்பத்திரமே இன்று அவன் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை அவனது வழித்தோன்றலுக்குத் தெரிவிக்கின்றது.

எனினும் பெயர் கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிடுவதில்லை. அடிமை வாழ்விலே உரிமையாளனின் குடும்பப் பெயரால் அறியப்பட்டவன் அப்பெயருடனேயே படையிலே சேர்ந்திருக்கலாம்; விடுதலையின் பின்னர் தந்தையின் பெயரை ஏற்றிருக்கலாம். ஹரியற் டப்மனின் இரண்டாவது கணவர் இதற்குத் தக்க உதாரணம். 8ஆம் கறுப்பினப் படைப்பிரிவிலே அவர் நெல்சன் சார்ள்ஸ். சார்ள்ஸ் என்பது உரிமையாளனின் பெயர். யுத்தத்தின் பின்னர் அவர் தம் தந்தையின் பெயரைக் கொண்டு நெல்சன் டேவிஸ் ஆனார். 1888இல் அவர் மறைந்தபின் விதவை ஓய்வூதியம் கோரிய டப்மன், சார்ள்ஸும் டேவிஸும் ஒருவரே என்பதை நிரூபிக்க வேண்டியவரானார். 1895இல்தான் அவருக்கு மாதம் 8 டொலர் கிடைத்தது. குடிசன மதிப்பீட்டிலே டேவிஸைக் கண்டவர் படைப்பதிவிலும் டேவிஸையே தேடினால் தவறான மனிதரையே சென்றடைவார். பெயர்மாற்றத்தைப் பதிவுக் குழப்பம் என ஒதுக்கிவிடலாகாது. அது ஓர் அரசியற் செயல்.

இலக்கிய மாணவர்கள் மிகுந்த கவனத்துடன் நோக்கவேண்டியவை இந்த ஓய்வூதியக் கோவைகளே. அடிமைகளின் திருமணம் சட்டத்தால் ஏற்கப்படாதது. ஆகவே விதவையிடம் திருமணப் பத்திரம் இல்லை. பிறப்புப் பதிவும் இல்லை. உடன் அடிமைகளாயிருந்தவர்களும் உடன் போரிட்டவர்களும் சில வேளைகளிலே பழைய எசமானின் குடும்பத்தவரும் சாட்சியம் கூறினர். யார் யாருடன் வாழ்ந்தார், எந்தப் பிள்ளை எப்போது விற்கப்பட்டது, எந்த அறுவடையின் பின் யார் தப்பியோடினார் என்பன அவ்வாக்குமூலங்களிலே விரவிக் கிடக்கின்றன. நாட்காட்டி கைக்கெட்டாத மக்கள் காலத்தை உழைப்பாலும் இழப்பாலும் அளந்தனர்.

இவ்வாக்குமூலங்கள் 'நான்' என்று பேசுகின்றன. ஆனால் எழுதும் கை விசாரணை அதிகாரியினுடையது. பேசியவர் பெரும்பாலும் எழுத்தறியாதவர்; அடியிலே பெருக்கற் குறியிட்டார். கேள்விகள் பெரும்பாலும் எழுதப்படாமல், விடைகள் மாத்திரம் தொடர்ச்சியான கதைபோல அமைக்கப்பட்டன. எனவே இவற்றைக் கலப்பற்ற மக்கட்குரலாகக் கொண்டு பரவசப்படுதல் பேதைமை. அதிகாரவர்க்கத்தின் புனைவென்று தள்ளிவிடுதல் அதனினும் பேதைமை. கேட்கப்படாத கேள்விக்கும் சாட்சி விடை கூறும் இடங்கள் உண்டு. விதவையின் ஒழுக்கத்தைத் துருவும் கேள்விகளுக்கிடையே, அண்டை வீட்டார் தம் தோட்டத்துப் பழைய கதையைச் சொல்லிவிடுகின்றனர். 1882ஆம் ஆண்டின் சட்டம், வேறோர் ஆணுடன் வாழும் விதவையின் ஓய்வூதியத்தைப் பறிக்க இடமளித்தது. வறிய பெண்ணின் படுக்கையறை அரசின் செலவுக் கணக்கோடு இணைக்கப்பட்டது. அவ்வவமதிப்பின் எச்சமாகவே அக்குடும்பத்தின் வரலாறு நமக்குக் கிட்டுகின்றது.

இன்று சேவைப் பதிவுகளிற் பல கணினி வழியே பார்வைக்குக் கிடைக்கின்றன. அவற்றுட் சில கட்டணம் அறவிடும் கம்பனிகளின் வாயில்களுக்குள்ளே உள்ளன. வடபடையினரின் ஓய்வூதியக் கோவைகளிலே மிகப் பெரும்பகுதி வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்திலே தாள் வடிவிலேயே இருக்கின்றது. தென்படையினருக்குச் சமஷ்டி அரசு ஓய்வூதியம் வழங்கவில்லை. பிற்காலத்தில் தென் மாநிலங்களே வழங்கியமையால் அவர்தம் கோவைகளை அந்தந்த மாநிலங்களிலேயே தேடவேண்டும்.

டப்மனின் ஓய்வூதியம் 1899இல் விசேட சட்டமொன்றின் மூலம் 20 டொலராக உயர்த்தப்பட்டது. அப்போது கணக்கிலெடுக்கப்பட்டது அவரது தாதிப் பணியே. ஒற்றராக ஆற்றிய பணியன்று. 1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென் கரோலைனாவின் கொம்பாகி ஆற்றங்கரை நெல்வயல்களிலிருந்து எழுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை விடுவித்த படையெடுப்புக்கு வழிகாட்டியவர் அவர். அவ்வாறு விடுபட்ட ஆண்களிற் பலர் உடனேயே சிப்பாய்களாயினர். ஈடா ஃபீல்ட்ஸ்-பிளக் என்னும் வரலாற்றாசிரியரின் முன்னோருள் ஒருவர் அப்படையெடுப்பிலே போரிட்டவர். ஓய்வூதியக் கோவைகளை ஒன்றோடொன்று பொருத்தி வாசித்து, எந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் கப்பலேறினர், அவர்களுக்கிடையே என்ன உறவு என்பவற்றை அவர் 2024இல் வெளியிட்ட நூலிலே மீட்டமைத்துள்ளார். பெயரற்ற வயதுகளாகவும் நிறங்களாகவும் அட்டவணையிலே நின்றவர்கள் அந்நூலிலே தாயும் மகனும், கணவனும் மனைவியும், ஒரே குடிசை வரிசையின் அயலவருமாக இடம்பெறுகின்றனர்.