கரிசலுக்குக் குழி பறிக்கலாமா?

கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பாதிப் பணத்தை மண்ணுக்குள் போட்ட பிறகுதான் சுவர் எழுப்பத் தொடங்குவார்கள். பாதி என்பது கொஞ்சம் மிகைதான். ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய கணக்கைச் சொல்லி அப்படிப் புலம்பாத வீட்டுக்காரரை இங்கே பார்ப்பது அரிது. செம்மண்ணில் மூன்றடி, நாலடியில் முடிகிற வேலை, கரிசலில் சுக்கான் பாறை தட்டுப்படும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். கறுப்பு மண்ணை அள்ளி வெளியே கொட்டி, மணலோ கிராவலோ நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்த பிறகே கல்லுக்கட்டு. "வானத்தைத் திறந்து போட்டுட்டு சும்மா இருக்காதிய அண்ணாச்சி, ராத்திரி ஒரு மழை அடிச்சா காலையில குழி இருக்காது" என்று கொத்தனார் விரட்டுவதில் நியாயம் இருக்கிறது.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் அதிகம். தகடு தகடாக அடுக்கியிருக்கும் அதன் நுண்துகள்களின் இடுக்கில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது கம்பை விட்டுப் பாருங்கள், கைப்பிடி வரை உள்ளே போகும். இந்த உப்பலும் சுருங்கலும் எட்டாத ஆழத்தில் காலூன்றினால்தான் கட்டடம் பிழைக்கும். அதற்காகத்தான் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குடம் போலப் பருத்த கான்கிரீட் தூண்களை வடிவமைத்தது. இன்றைக்கும் கரிசல் ஊர்களில் கையில் காசுள்ளவர்கள் அந்தத் தூண்களைப் போடுகிறார்கள். இல்லாதவர்கள் சுவர் விரிசலுக்கு வருஷாவருஷம் சிமெண்ட் பூசுகிறார்கள்.

தெருவில் குழாய் பதிக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டி வருவதே மண்ணுக்கடியில்தான். தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடினால் ஒரு மழைக்கு மேடாகும், அடுத்த கோடையில் பள்ளமாகும். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. பார்க்கக் கெட்டியாக நிற்கும் கரிசல் சுவர், உள்வெடிப்பு வழியே மொத்தமாகச் சரியும்.  

இந்த மண்ணில் நேர்த்தியான குழி பார்க்க ஆசைப்பட்டால் வெம்பக்கோட்டைக்குப் போக வேண்டும். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022-இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. கரண்டியால் சீவிச் சீவி, நூல் பிடித்தது போன்ற சதுரக் குழிகள். சங்கு வளையல் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

குழி என்றதும் அகழியும் நினைவுக்கு வரும்; கோட்டை என்றால் அகழி இருக்கும் என்று நினைப்போம். ஆனால் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்க வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை அதிகாரிகள் மலைத்துப்போய் எழுதிவைத்தது அந்தக் கோட்டையின் மண்சுவரையும் சுற்றியிருந்த முள்வேலியையும் பற்றி. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, தரைமட்டமாகக் கிடந்த கோட்டையைச் சில நாள்களிலேயே எழுப்பினார். அந்த மண்சுவரை உடைத்து உள்ளே நுழைய மே 24 வரை ஆயிற்று. குழியாக நிற்காத மண் சுவராக நின்று பேர் வாங்கியிருக்கிறது.

பள்ளம், குழி, அகழி என்று எல்லாவற்றையும் பற்றி எழுதலாம். எனக்கோ காட்டுக்குள் தண்ணீருக்காக வெட்டுகிற குழி ஒன்றுதான் மனசில் கிடந்து உறுத்துகிறது.

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று யாராவது பேசத் தொடங்கினால் அடுத்த பேச்சு குழி வெட்டுவதாகத்தான் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நீள்குழிகள் வெட்டுவது குன்றடிவாரத்துக்கும் செம்மண் சரிவுக்கும் அருமையான வைத்தியம். ஓடுகிற தண்ணீர் நிற்கும், நின்றது ஊறும். கரிசலில் நடப்பது வேறு. ஐப்பசி முதல் மழையை வெடிப்புகள் மடமடவென்று குடித்துவிடும். நனைந்த மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு மேல்தண்ணீர் கீழே இறங்குவது நத்தை வேகம்தான். குழியில் நிற்கும் தண்ணீர் குழியிலேயே நிற்கும். ஓரம் கரைந்து சரியும். பக்கத்து உளுந்தும் பாசியும் வேரழுகி மஞ்சளடிக்கும். இரண்டு மழைக்காலம் போனால் குழி இருந்த இடம் தெரியாது. நூறு நாள் வேலையில் அப்படி வெட்டியவற்றால் கூலியாவது கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை.

இந்த மண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே இத்தனை காலம் உழைத்திருக்கிறது. கோடையுழவு போடு, நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வரப்புக் கட்டிப் பிரி, ஆழச்சால் அகலப்பாத்தி எடு, மழைக்கு முன்பே புழுதியில் விதை, மிஞ்சுகிற தண்ணீரைத் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டைக்கு விடு. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். அதை நிலம் முழுக்கப் பரப்பி வாங்குவதும், மிஞ்சியதை வழிநடத்தி அனுப்புவதும்தான் இங்கே விவசாயம்.

அனுப்புவதற்கு ஒரு நீள்குழி இருந்தது. வரத்துக்கால். கண்மாய்க்கும் ஊருணிக்கும் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் காலைத்தான் நாம் தூர்த்துக்கொண்டிருக்கிறோம்.

கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடந்தால் கதை முழுவதும் தெரியும். முதல் அரை பர்லாங்கு சீமைக்கருவேலம். குனிந்துதான் போக முடியும். அதைத் தாண்டினால் காலின் அகலம் பாதியாகும், இரண்டு பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதிருப்பார்கள். அப்புறம் காற்றாலைக்குப் போகும் கிராவல் ரோடு. லாரி போக உயர்த்திய அந்த ரோட்டுக்கடியில் தண்ணீருக்கென்று ஒரே ஒரு சிமெண்ட் குழாய், அதன் வாயில் தட்டைக்கட்டும் பாலிதீன் பையும். அதையும் கடந்தால் பிளாட் கல். சிவப்பு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் வரிசை வரத்துக்காலின் மேலேயே ஓடும். சூரிய மின்தகட்டுப் பண்ணை வந்த இடங்களில் வேலிக்கு உள்ளே நிலத்தைச் சமன்படுத்தும்போது ஓடை எந்தப் பக்கம் திரும்பியது என்று ஊர்க்காரர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். மின்சாரம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஓடைக்கு வழிவிட்டால் மின்சாரம் குறைந்தா போகும்?

ஊரே கூடிக் கண்மாயையும் காலையும் பராமரிக்கும் குடிமராமத்து என்ற வழக்கத்தை 1858-ஆம் வருஷச் சட்டம் கட்டாயக் கடமையாக்கியது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டமே தொடங்கியது. கண்மாயின் உள்வாயை ஆழப்படுத்த ஆர்வம் வருகிறது, வண்டல் மண்ணுக்குக் கிராக்கி இருக்கிறது. கரை பலமாகிறது, கலுங்கு பூசப்படுகிறது. வரத்துக்காலில் அள்ளி விற்க ஒன்றுமில்லை. முள்ளை வெட்டுவது மட்டும்தான் வேலை, அதையும் தூரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். ஆழமான கண்மாய், வராத தண்ணீர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு மழைக்கு எந்தக் காலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் மாவட்டத்தில் கண்மாய்கள் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தபோது, அது எந்தெந்த வழியாக வந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் பழைய ஓடைகளைத்தான் வரிசையாகச் சொல்வார்கள்.

வரத்துக்காலின் அகலம் கிராமக் கணக்கில் இருக்கிறது. வாய்க்கால் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் சர்வே எண்ணோடு பதிவாகியிருக்கும். புலப்பட நகலை விண்ணப்பித்து வாங்கலாம். கிராம சபையில் கண்மாய் ஆழப்படுத்தும் தீர்மானம் வரும்போது, வரத்துக்காலை அளந்து கல் நட்ட பிறகு கண்மாயில் பொக்லைனை இறக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பு நிச்சயம் வரும். காலுக்குள் சால் ஓட்டியவர்களில் பாதிப்பேர் அந்தச் சபையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.