ஆர்டர் எல்லாம் பிளாக் போஸ்ட்டாக இருந்த கதை: வூகாமர்ஸின் புது ஆர்டர் சேமிப்பு முறை

ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருளில் புது வெர்ஷன் வந்தால், கடைக்காரர் முதலில் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத்தான். 2023 நவம்பரில் வூகாமர்ஸ் 8.3 வந்தபோது புதுக் கடைகளுக்கு கார்ட், செக்அவுட் பக்கங்கள் பிளாக் வடிவத்துக்கு மாறின. எல்லாரும் அதைப் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் 8.2-இல் வந்த மாற்றம் திரையில் எதையும் மாற்றவில்லை. ஆனால் வூகாமர்ஸ் வரலாற்றில் அதைவிடப் பெரிய மாற்றம் அனேகமாக இல்லை. ஆர்டர்கள் சேமிக்கப்படும் இடமே மாறிவிட்டது.

இதன் பெயர் ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆர்டர் ஸ்டோரேஜ், சுருக்கமாக எச்.பி.ஓ.எஸ். 8.2-க்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு இதுதான் இயல்பு. பழைய கடைகள் பழைய முறையிலேயே இருக்கும். மாற வேண்டுமானால் உரிமையாளர்தான் செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும். அதனால் சில வருஷமாகக் கடை நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை அதிகம் பயன்படும். ஏன் மாறணும், மாறினால் எது உடையும், எந்த வரிசையில் செய்யணும் - இந்த மூன்றையும் பார்ப்போம்.

ஏன் ஆர்டர் ஒரு "போஸ்ட்" ஆனது?

வேர்ட்பிரஸ் அடிப்படையில் பிளாக் எழுதும் மென்பொருள். அதன் டேட்டாபேஸில் போஸ்ட்ஸ் என்று ஒரு டேபிள்: தலைப்பு, உள்ளடக்கம், தேதி, எழுதியவர். 2010 ஜூனில் வந்த வேர்ட்பிரஸ் 3.0, "கஸ்டம் போஸ்ட் டைப்" என்ற வசதியைப் பரவலாக்கியது. அதாவது கட்டுரை மட்டுமில்லை, எதை வேண்டுமானாலும் ஒரு போஸ்ட் ஆக்கி வைக்கலாம். சமையல் குறிப்பு, வீட்டு மனை விளம்பரம், திருமண வரன், எதுவாக இருந்தாலும் சரி.

2011 செப்டம்பரில் வூதீம்ஸ் நிறுவனம் ஜிகோஷாப் என்ற பிளகினின் நிரலிலிருந்து கிளை பிரித்து வூகாமர்ஸை வெளியிட்டது. அப்போது பொருளும் ஒரு போஸ்ட், கூப்பனும் ஒரு போஸ்ட், ஆர்டரும் ஒரு போஸ்ட். அந்த நாளுக்கு அது புத்திசாலித்தனமான முடிவுதான். பட்டியல் பக்கம், தேடல், பயனர் அனுமதி எல்லாமே வேர்ட்பிரஸிலிருந்து இலவசமாகக் கிடைத்தன. சின்னக் கடைக்கு அது போதும்.

சிக்கல் எங்கே என்றால், ஆர்டருக்குத் தேவையான விவரங்களுக்கு போஸ்ட்ஸ் டேபிளில் கட்டம் கிடையாது. வாங்கியவரின் மின்னஞ்சல், போன் நம்பர், தெரு, பின்கோடு, மொத்தத் தொகை, வரி, பணம் கட்டிய முறை - இவை எதற்கும் இடமில்லை. அவை எல்லாம் போஸ்ட்மெட்டா என்ற இன்னொரு டேபிளுக்குப் போயின. அந்த டேபிளின் அமைப்பு ரொம்ப எளிது: எந்தப் போஸ்ட், என்ன பெயர், என்ன மதிப்பு. ஒரு விவரத்துக்கு ஒரு வரி.

மளிகைக் கடைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேரேட்டில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி போட்டு, குறுக்கே பெயர், தொகை, தேதி என்று கட்டம் கட்டி எழுதுவது ஒரு முறை. "312-ஆம் ஆர்டர், பெயர் இன்னது" என்று ஒரு துண்டுச் சீட்டு, "312-ஆம் ஆர்டர், தொகை இவ்வளவு" என்று இன்னொரு துண்டுச் சீட்டு, இப்படி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு வைப்பது இன்னொரு முறை. வூகாமர்ஸ் பன்னிரண்டு வருஷம் இரண்டாவது முறையில்தான் ஓடியது.

ஒரு ஆர்டருக்கு இப்படிச் சுமார் 40 துண்டுச் சீட்டு. 50,000 ஆர்டர் பார்த்த கடையில் அது 20 லட்சம் வரி. அதே சாக்கில்தான் உங்கள் பொருட்களின் விலை, படங்களின் அளவு, பிளாக் கட்டுரைகளின் குறிப்புகள் எல்லாமே கிடக்கும். போதாததற்கு, மதிப்பு எழுதும் கட்டத்துக்கு இன்டெக்ஸ் கிடையாது. "இந்தப் போன் நம்பர்காரர் என்னென்ன வாங்கினார்?" என்று தேடினால், டேட்டாபேஸ் போன் நம்பர் எழுதிய ஒவ்வொரு சீட்டையும் புரட்டணும். ஆர்டர் பக்கத்தில் தேடல் கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

புது முறையில் என்ன இருக்கு?

இப்போது ஆர்டருக்கென்றே நான்கு டேபிள்கள்.

முதலாவது ஆர்டர்ஸ்: நிலை, கரன்சி, மொத்தத் தொகை, வரி, வாடிக்கையாளர் எண், மின்னஞ்சல், தேதி, பணம் கட்டிய முறை. ஒரு ஆர்டருக்கு ஒரு வரி, தேவையான கட்டங்களுக்கு இன்டெக்ஸ். இரண்டாவது முகவரிகள்: பில்லிங்குக்கு ஒரு வரி, டெலிவரிக்கு ஒரு வரி. மூன்றாவது உள் வேலைக்கான குறிப்புகள்: ஸ்டாக் குறைக்கப்பட்டதா, கூப்பன் கணக்கில் சேர்ந்ததா மாதிரியானவை. நான்காவது ஆர்டர்ஸ் மெட்டா: பிளகின்கள் தங்கள் கூடுதல் விவரத்தை வைக்க. இது பழைய துண்டுச் சீட்டு முறைதான், ஆனால் ஆர்டருக்கு மட்டுமான தனிச் சாக்கு.

ஆர்டருக்குள் இருக்கும் பொருள் பட்டியலுக்கு முன்பே தனி டேபிள் இருந்தது, அதில் மாற்றமில்லை. பொருட்களும் கூப்பன்களும் இன்னும் போஸ்ட்தான். ஆகவே பொருள் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்பதற்கு எச்.பி.ஓ.எஸ் மருந்து கிடையாது. வேகம் தெரிவது ஆர்டர் பதிவாகும் நொடியிலும், அட்மின் பக்கத்தில் ஆர்டரைத் தேடும்போதும்தான். தீபாவளி விற்பனை நேரத்தில் ஒரே நிமிஷத்தில் நிறைய பேர் பணம் கட்டும்போது, ஆளுக்கு 40 வரி எழுதுவதற்கும் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் சர்வருக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விஷயத்தைப் பலர் எதிர்பார்க்கிறார்கள், அது நடக்காது. ஆர்டர் நம்பர் 1045-க்கு அடுத்து 1049 என்று தாவுவது இனிமேல் நிற்கும் என்று. தாவுவதற்குக் காரணம், படமும் கட்டுரையும் ஆர்டரும் ஒரே போஸ்ட்ஸ் டேபிளின் எண் வரிசையைப் பங்கு போட்டுக்கொள்வது. புது முறையிலும், நம்பர் மோதக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஆர்டருக்கும் போஸ்ட்ஸ் டேபிளில் ஒரு வெற்று வரி போட்டு இடம் பிடிக்கப்படுகிறது. பஸ் சீட்டில் துண்டு போடுவது போல. எனவே தாவல் தொடரும். நம் ஊர் ஜி.எஸ்.டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் தனித்துவமாக இருக்கணும். ஆர்டர் நம்பரையே இன்வாய்ஸ் நம்பராகப் போடுகிறவர்கள் அதற்குத் தனி வரிசை தரும் பிளகின் வைத்துக்கொள்வதுதான் சரி. எச்.பி.ஓ.எஸ் அதைத் தீர்க்காது.

எது உடையும்?

2017 ஏப்ரலில் வந்த வூகாமர்ஸ் 3.0, பிளகின் எழுதுகிறவர்களுக்கு ஒரு முறையான வழி போட்டுக் கொடுத்தது. ஆர்டர் விவரம் வேண்டுமா, டேபிளுக்குள் கை விடாதே, ஆர்டர் ஆப்ஜெக்டிடம் கேள் என்று. அந்த வழியில் எழுதப்பட்ட நிரல் எதுவும் இன்று உடையாது. விவரம் எந்த டேபிளிலிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரியவே வேண்டியதில்லை. உடைவது எல்லாம், நேராகப் போஸ்ட்மெட்டாவுக்குள் கை விட்டவை.

பிளகின்களைப் பொறுத்தவரை ஒரு பாதுகாப்பு இருக்கு. ஒவ்வொரு பிளகினும் தான் எச்.பி.ஓ.எஸ்-க்கு ஒத்துப்போகுமா என்று அறிவிக்கணும். ஒத்துப்போகாதவற்றை வூகாமர்ஸ் பட்டியல் போட்டு எச்சரிக்கும். ஆனால் இந்தச் சோதனை பிளகினோடு நிற்கிறது. தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் யாரோ ஒட்டிக்கொடுத்த பத்து வரி, எந்த அறிவிப்பும் செய்வதில்லை, எந்தப் பட்டியலிலும் வராது. உண்மையான ஆபத்து அங்கேதான்.

ஒரு உதாரணம். மொத்த வியாபாரம் செய்யும் கடை. செக்அவுட்டில் வாங்குபவரின் ஜி.எஸ்.டி எண்ணைக் கேட்க ஒரு கூடுதல் கட்டம். அதைச் சேமிக்கும் நிரல் நேராகப் போஸ்ட்மெட்டாவில் எழுதுகிறது. எச்.பி.ஓ.எஸ்-க்கு மாறிய பிறகும் அது எழுதும். எரர் வராது. ஆனால் இன்வாய்ஸ் பிளகின் ஆர்டர் ஆப்ஜெக்டிடம் கேட்கும்போது, அது புது டேபிளில் தேடி, வெறுங்கையோடு வரும். இன்வாய்ஸில் ஜி.எஸ்.டி எண் இல்லை. வாங்கியவரால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. உங்களுக்கு இது தெரிய வருவது அவருடைய ஆடிட்டர் போன் செய்யும்போது.

இரண்டாவது வகை, ரிப்போர்ட். மாதக் கணக்குக்காக டேட்டாபேஸிலிருந்து நேராக எக்செல்லுக்கு எடுக்கும் குவெரி ஒன்று பல கடைகளில் இருக்கும். மாறிய பிறகு வந்த ஆர்டர் எதுவும் அதில் வராது. அது உடனே கண்ணில் படும், பரவாயில்லை. படாதது வேறு: மாறுவதற்கு முன் வந்து, மாறிய பின் ரீஃபண்ட் ஆன ஆர்டர். பழைய டேபிளில் அது இன்னும் "முடிந்தது" என்றே நிற்கும். திருப்பிக் கொடுத்த பணம் விற்பனையாகக் கணக்கில் ஏறும்.

மூன்றாவது, ஆர்டர் திரை. அதன் முகவரியே மாறிவிட்டது. கூரியர் பிளகின் அந்தத் திரையில் போட்டு வைத்த பெட்டி, ஆர்டர் பட்டியலில் சேர்த்த கூடுதல் பத்தி, இவை காணாமல் போகலாம். எரிச்சல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற உடைவு. கண்ணுக்குத் தெரிவதைச் சரிசெய்துவிடலாம்.

மாறும் வரிசை

1. முழு பேக்அப். பிறகு கடையின் நகல் ஒன்றில் முதலில் செய்து பார்க்கவும். நகலில் மின்னஞ்சலும் நிஜப் பேமெண்ட் கேட்வேயும் அணைத்திருக்கட்டும்.

2. பிளகின்களை அப்டேட் செய்து, ஒத்துப்போகாதவற்றின் பட்டியலைப் பார்க்கவும். கூடவே தீம் ஃபைல்களிலும் ஸ்னிப்பெட் பிளகின்களிலும் போஸ்ட்மெட்டாவைத் தொடும் வரிகளைத் தேடச் சொல்லி உங்கள் டெவலப்பரிடம் கேட்கவும். அரை நாள் வேலை. இதைத் தவிர்க்க வேண்டாம்.

3. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ஃபீச்சர்ஸ் பக்கத்தில் கம்பாட்டிபிலிட்டி மோடை ஆன் செய்யவும். பழைய ஆர்டர்கள் பின்னணியில் தொகுதி தொகுதியாகப் புது டேபிளுக்கு நகல் ஆகும். பெரிய கடையில் நேரம் எடுக்கும். அது முடியாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வூகாமர்ஸ் விடாது. அவசரமென்றால் கமாண்ட் லைனில் இதைச் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதியும் அங்கே உண்டு.

4. எச்.பி.ஓ.எஸ்-ஐ முதன்மையாக்கவும். கம்பாட்டிபிலிட்டி மோட் ஆனிலேயே இருக்கட்டும்.

5. நிஜ ஆர்டர் போட்டுப் பார்க்கவும். யு.பி.ஐ, கார்டு, கேஷ் ஆன் டெலிவரி, பாதி ரீஃபண்ட், கேன்சல். ஒவ்வொன்றுக்கும் இன்வாய்ஸ், மின்னஞ்சல், கூரியர் லேபிள் மூன்றையும் திறந்து கண்ணால் பார்க்கவும்.

6. ஒரு மாதக் கணக்கு முடிப்பு தாண்டட்டும். தொகைகள் கேட்வே அறிக்கையோடு ஒத்துப்போனால், கம்பாட்டிபிலிட்டி மோடை ஆஃப் செய்யவும்.

கடைசிப் படியைத்தான் பலர் மறக்கிறார்கள். அந்த மோட் ஆனில் இருக்கும்வரை ஒவ்வொரு ஆர்டரும் இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. புது முறையின் வேலையும் பழைய முறையின் வேலையும் சேர்ந்து. "மாறினேன், வேகம் ஒன்றும் கூடவில்லையே" என்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம். மறுபக்கம், அது ஆனில் இருக்கும்வரை பழைய முறைக்குத் திரும்புவது ஒரு கிளிக். ஆஃப் செய்த பிறகு திரும்ப வேண்டுமானால், முதலில் எல்லாவற்றையும் மறுபடி நகல் எடுக்கணும். ஆகவே அது ஒரு பாலம். கடக்கும்வரை நில்லுங்கள், அங்கேயே குடித்தனம் வேண்டாம்.

எப்போது மாறலாம்?

தினம் நாலைந்து ஆர்டர் வரும் கடைக்கு இன்றைக்கே எதுவும் குடிமுழுகிப் போகாது. ஆனால் பிளகின் எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்போது புது முறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். பழைய முறையில் சோதிக்கப்படுவது குறைந்துகொண்டே வரும். ஆர்டர் குறைவாக இருக்கும்போது மாறினால் நகல் எடுப்பதும் சீக்கிரம் முடியும், சரிபார்ப்பதும் சுலபம்.

மாதத்தைப் பார்த்துச் செய்யுங்கள். தீபாவளி, பொங்கல் விற்பனைக்கு முந்தைய வாரம் வேண்டாம். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்திலும் வேண்டாம். ஆடித் தள்ளுபடி இல்லாத கடையென்றால் ஆடி மாதம் நல்ல மாதம். மாறுவதற்கு முன் டெவலப்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம கடையில் ஆர்டர் விவரத்தை நேராக டேபிளிலிருந்து எடுக்கிற நிரல் எங்கெங்கே இருக்கு?" பட்டியல் வந்தால் மாறலாம். "அப்படி எதுவும் இல்லைங்க" என்று உடனே பதில் வந்தால், தேடிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.