நாய்க்கு மண்ணுக்குள் ஒரு வேலி

மின்வேலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் கம்பிதான். கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாக மின்சாரம் இழுத்து, யானையும் செத்து ஆளும் செத்த செய்திகளைப் படித்திருக்கிறோம். நான் எழுத வந்தது அதுவல்ல. அமெரிக்காவில் வீட்டு நாய் தெருவுக்கு ஓடாமல் இருக்க மண்ணுக்குள் கம்பி புதைக்கிறார்கள். அந்தக் கம்பியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஷாக் அதில் இல்லை. நாயின் கழுத்துப்பட்டையில் இருக்கிறது.

அங்கே புறநகர் வீடுகளுக்கு நம் ஊர் போலச் சுற்றுச்சுவர் கிடையாது. வீட்டுக்கு முன்னால் புல்வெளி, அதை அடுத்து உடனே தார் ரோடு. முன்பக்கத்தில் வேலி போடக் கூடாது என்று பல குடியிருப்புச் சங்கங்கள் விதியே வைத்திருக்கின்றன. நாயை அவிழ்த்துவிட்டால் அணில் பின்னால் ஓடும், கார் வந்து அடிக்கும். ரிச்சர்டு பெக் என்ற அமெரிக்கர், கண்ணுக்குத் தெரியாத இந்த வேலிக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். அவர் நம்மைப் போல வியாபாரத்தில் இருந்தவர். ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி. ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்த நாய்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்கிறார்கள். காப்புரிமை 1990இல் முடிந்தது. பிறகு போட்டிச் சரக்கு வந்தது, விலை இறங்கியது. 1991இல் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ரேடியோ சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி, 2006இல் பழைய கம்பெனியான இன்விசிபிள் ஃபென்சையே விலைக்கு வாங்கிவிட்டது. பின்னால் வந்தவன் முன்னால் வந்தவனை வாங்குவது நம் பஜாரிலும் நடப்பதுதானே!

வேலை செய்யும் விதம் எளிது. கார் ஷெட்டில் ஒரு சிறு பெட்டியை மாட்டிக் கரண்டில் சொருகுகிறார்கள். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி, மனையைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் போய், திரும்பவும் பெட்டிக்கே வந்து சேரவேண்டும். வளையம் முழுமையாக இல்லாவிட்டால் வேலை செய்யாது. கம்பியில் ஓடுவது வலுவில்லாத ரேடியோ சமிக்ஞை. நாயின் பட்டையில் அதை வாங்கும் கருவியும், பேட்டரியும், தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகளும் இருக்கின்றன. நாய் எல்லையை நெருங்கினால் முதலில் ‘பீப்’ என்று சத்தம் வரும். அதையும் மீறிப் போனால் சுருக்கென்று ஒரு ஷாக். பெட்டியிலிருந்து எல்லை வரை போகும் இரண்டு கம்பிகளையும் கயிறு போல முறுக்கிவிட்டால், அந்த இடத்தில் ஒன்றின் சமிக்ஞையை மற்றொன்று அழித்துவிடும். நாய் அதன்மேல் தாராளமாக நடக்கலாம்.

கணக்கும் பார்ப்போம். கடையில் விற்கும் பெட்டிகளில் சாதாரணமாக 500 அடி கம்பியும் 50 சிறு கொடிகளும் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு ஏக்கருக்குப் போதும் என்பார்கள். அதாவது நம் கணக்கில் 33 சென்ட், 14,520 சதுர அடி. சதுரமான மனை என்றால் பக்கம் சுமார் 120 அடி, சுற்றளவு 480 அடி. மீதி 20 அடியில் முறுக்குக் கம்பிக்கு எங்கே போவது? நீள்சதுர மனை என்றால் சுற்றளவு இன்னும் கூடும். ஆகவே இன்னொரு சுருள் கம்பி விற்பனையாகும். பெட்டி சில நூறு டாலர். கம்பெனி ஆள் வந்து போட்டுக் கொடுத்தால் ஆயிரம் டாலருக்கு மேல். எதற்கு இவ்வளவு வித்தியாசம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை.

பென்சில்வேனியாவில் என் மகள் வீட்டில் லாப்ரடார் நாய் ஒன்று இருக்கிறது. நான் அங்கு தங்கியிருந்தபோது மாப்பிள்ளை பெட்டியை வாங்கி வந்து, ஒரு சனி ஞாயிறில் கம்பியைத் தானே புதைத்துவிட்டார். திங்கட்கிழமை பட்டையை மாட்டி நாயை விட்டார். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் மாலை ஒரு மான் தெரிந்தது. நாய் ஒரே பாய்ச்சலில் ரோட்டைத் தாண்டிவிட்டது. லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நல்ல காலம், அடிபடவில்லை. ஆனால் திரும்பி வந்த நாய் எல்லைக்கு வெளியே ரோட்டோரமாகவே நின்றது. உள்ளே வந்தாலும் ஷாக் அடிக்குமே! பேத்தி ஓடிப்போய்ப் பட்டையைக் கழற்றித் தூக்கிய பிறகுதான் வந்தது.

“மாப்பிள்ளை, பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தீர்களா?” என்று கேட்டேன்.

“கம்பி போடுற பக்கத்தைப் படிச்சேன் மாமா. பழக்குற பக்கத்தைப் படிக்கலை” என்றார்.

மறுவாரம் அந்த ஊரில் இதே தொழில் செய்யும் ஒருவரை வரவழைத்தோம். அவர் வந்ததும் கம்பியைப் பார்க்கவில்லை, நாயின் கழுத்தைத்தான் பார்த்தார். பட்டை தளர்வாக இருந்தது, முனைகள் ரோமத்தைத்தான் தொட்டன. ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கினார். பிறகு எல்லை நெடுகக் கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தினார். முதல் சில நாட்கள் சத்தம் மட்டும். சத்தம் வந்தால் கொடியைக் காட்டி, பின்னால் இழுத்து, வீட்டுப் பக்கம் வந்ததும் ஒரு பிஸ்கட். அதன் பிறகே லேசான ஷாக். கடைசியாகக் கயிறோடு வெளியே ஒருவரை ஓடவிட்டு ஆசை காட்டுவது. தினம் பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு வாரம். அப்புறம்தான் கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் வாங்கிய கூலியில் பெரும்பகுதி கம்பிக்கு அல்ல, இந்த இரண்டு வாரத்துக்குத்தான். நாய்க்கு எல்லையைச் சொல்லிக்கொடுக்காமல் பெட்டியை மட்டும் விற்பவன் பாதிச் சரக்கை விற்கிறான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது, தன் சரக்கின் குறையைக் கூசாமல் சொன்னது. கரண்டு போனால் வேலி இல்லை. பட்டையில் பேட்டரி தீர்ந்தாலும் இல்லை. புல்வெளி ஓரம் சீவும் இயந்திரம் கம்பியை வெட்டிவிடும். பெட்டி கூவி எச்சரிக்கும், ஆனால் வெட்டு எங்கே என்று தேடுவது நம் பாடு. இடி மின்னலின் வேகம் கம்பி வழியே பெட்டிக்கு வரும், அதற்குத் தனித் தடுப்பு வேண்டும். பட்டையை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் கட்டினால் முனை அழுத்திப் புண் வரும். பயந்த நாய்க்கும் கடிக்கிற நாய்க்கும் இதை விற்க மாட்டேன் என்றும் சொன்னார். ஷாக் அடிக்கும்போது எதிரே ஒரு குழந்தை நின்றால், நாய் அந்தக் குழந்தைதான் தன்னை அடித்தது என்று நினைத்துக்கொள்ளக்கூடுமாம்.

இந்தச் சரக்குக்கு எதிர்ப்பும் உண்டு. வேல்ஸ் நாட்டில் 2010இல் ஷாக் கொடுக்கும் பட்டைகளையே தடை செய்தார்கள், இந்த வேலிப் பட்டை உட்பட. பெட்சேஃப் நிறுவனம் நீதிமன்றம் போயும் தடை நின்றது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் ஓர் ஆய்வு வந்தது. மின்னணு வேலியில் இருந்த நாய்களில் நூற்றுக்கு 44 எப்போதாவது தப்பி ஓடியிருக்கின்றன. ஊடே பார்க்கக்கூடிய சாதாரண வேலியில் நூற்றுக்கு 23தான். இப்போது கம்பியே இல்லாமல் செயற்கைக்கோள் மூலம் எல்லை போடும் பட்டைகளும் வந்துவிட்டன. அவை சில அடி, சில சமயம் பல அடி பிசகும்; பெரிய பண்ணைக்குச் சரி, சிறு மனைக்கு ஒத்துவராது.

ஊர் திரும்பியதும் அரிசி மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, நம்ம குடோனைச் சுத்தி இதைப் போடலாமா? ராத்திரி நாயை அவுத்து விட்டுடலாமே” என்றார். அவருடைய குடோன் நெடுஞ்சாலை ஓரம், திறந்த வெளி. இந்தக் கம்பி நம் நாயை மட்டும்தான் உள்ளே நிறுத்தும். தெருநாயையும் திருடனையும் வெளியே நிறுத்தாது என்றேன். தெருநாய்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தால், பட்டை போட்ட நாய் தப்பி ஓடவும் வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ஆறடிச் சுவர் கட்ட அடிக்கு என்ன ஆகும் என்று கொத்தனாருக்குப் போன் போட்டார்.