மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

மேற்கோள் மேலாண்மை மென்பொருள் என்பது ஆய்வாளர் ஒருவர் படித்த நூல்கள், கட்டுரைகள், இணையப் பக்கங்கள் ஆகியவற்றின் விவரங்களைச் சேமித்து, அவற்றை ஆய்வேட்டில் உரிய இடத்தில் மேற்கோளாகவும் இறுதியில் துணைநூற்பட்டியலாகவும் அமைத்துத் தரும் கணினி மென்பொருள் ஆகும். சோட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட், ஜாப்ரெஃப் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரிடம் சேரும் நூல் விவரத் தொகுப்பு பல ஆண்டு உழைப்பின் பயன். ஆகவே, ஒரு மென்பொருளில் எத்தனை வசதிகள் உள்ளன என்பதைப் போலவே, அத்தொகுப்பை வேண்டும்போது வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்பதும் இன்றியமையாத கேள்வியாகும்.

தேவை

கணினி வருவதற்கு முன் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிப்பட்டை எழுதி வைத்தனர். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். எழுதி முடித்த பின் அட்டைகளை அகரவரிசையில் அடுக்கிப் பட்டியலைத் தயாரிப்பர். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஆய்விதழ் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடும் ஏ.பி.ஏ. முறையைக் கேட்கும், மற்றொன்று எண்ணிடும் வான்கூவர் முறையைக் கேட்கும். ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்ப நேர்ந்தால் பட்டியல் முழுவதையும் மாற்றி எழுத வேண்டும்.

மேற்கோள் மேலாண்மை மென்பொருள் நூலின் விவரத்தையும் அது அச்சில் தோன்றும் வடிவத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. விவரத்தை ஒரு முறை சரியாகப் பதிந்துவிட்டால், வடிவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பொதுவான பணிகள்

இம்மென்பொருள்கள் அனைத்தும் மூன்று பணிகளைச் செய்கின்றன.

1. திரட்டுதல்: உலாவியில் திறந்திருக்கும் கட்டுரையின் விவரங்களை ஒரே சொடுக்கில் சேமித்தல், கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணையோ நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணையோ கொடுத்து விவரங்களைப் பெறுதல்.
2. ஒழுங்குபடுத்துதல்: கோப்புறைகளாகப் பிரித்தல், குறிச்சொல் இடுதல், இரட்டைப் பதிவுகளைக் கண்டறிதல், பி.டி.எஃப். கோப்பை இணைத்தல்.
3. மேற்கோளிடுதல்: எழுதும் ஆவணத்துக்குள் மேற்கோளைச் செருகிப் பட்டியலைத் தானாக உருவாக்குதல்.

முக்கிய மென்பொருள்கள்

எண்ட்நோட் 1988 முதல் வழக்கில் உள்ளது; இப்போது கிளாரிவேட் நிறுவனத்துக்கு உரியது. இது விலை கொடுத்து வாங்க வேண்டிய வணிக மென்பொருள். பல பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களுக்காக இதன் உரிமத்தைப் பெற்றுத் தருகின்றன. விண்டோசு, மேக் கணினிகளில் இயங்கும். லினக்சுக்கு இதன் பதிப்பு இல்லை.

ஜாப்ரெஃப் 2003இல் வெளிவந்த திறந்த மூல மென்பொருள். கணிதம், இயற்பியல், கணினியியல் துறையினர் லாடெக் முறையில் கட்டுரை எழுதுவர். அதற்கு 1985இல் உருவான பிப்டெக் வடிவம் பயன்படுகிறது. ஜாப்ரெஃப் தன் தொகுப்பை இந்த வடிவத்திலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்கிறது. அக்கோப்பை எந்த எளிய உரைத் தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம்.

சோட்டெரோ அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றாய்வுக்கான மையம் ஒன்றில் உருவாகி 2006இல் வெளிவந்தது. முதலில் பயர்பாக்சு உலாவியின் நீட்சியாக இருந்து, பின்னர் தனி மென்பொருளாக வளர்ந்தது. இது இலவசம், திறந்த மூல உரிமம் கொண்டது.

மெண்டலி இலண்டனில் தொடங்கப்பட்டது. அறிவியலாளர்கள் மெண்டல், மெண்டலீவ் ஆகியோரின் பெயர்களிலிருந்து இதன் பெயர் அமைந்தது. 2013இல் எல்சவியர் என்னும் ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனம் இதை வாங்கியது. இது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் திறந்த மூல மென்பொருள் அன்று.

வசதிகளின் ஒப்பீடு

சேமிப்பிடம்: சோட்டெரோ கோப்புகளுக்காக 300 மெகாபைட் இணைய இடத்தை இலவசமாகத் தருகிறது, மெண்டலி 2 கிகாபைட் தருகிறது. நிறையப் பி.டி.எஃப். கோப்புகளைப் பல கணினிகளில் வைத்துப் படிப்போருக்கு இவ்வேறுபாடு பெரிது. எனினும் சோட்டெரோவின் வரம்பு இணையத்தில் ஏற்றும் கோப்புகளுக்கு மட்டுமே. சொந்தக் கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் சேமிக்கலாம்.

எழுதுகருவி: சோட்டெரோ மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரெ ஆபிசு, கூகுள் டாக்சு ஆகிய மூன்றிலும் இயங்கும். மெண்டலியின் இன்றைய மேற்கோள் கருவி வேர்டுக்கானது. எண்ட்நோட்டின் பலமும் வேர்டுடன் அதற்குள்ள நெருங்கிய இணைப்பே. ஜாப்ரெஃப் லாடெக்குக்கு ஏற்றது. லிப்ரெ ஆபிசுடனும் இணையும்.

மேற்கோள் நடை: சோட்டெரோவும் மெண்டலியும் சி.எஸ்.எல். என்னும் பொதுவான நடைமொழியைப் பயன்படுத்துகின்றன. தன்னார்வலர்கள் பராமரிக்கும் அதன் களஞ்சியத்தில் 10,000க்கும் மேற்பட்ட நடைகள் உள்ளன. எண்ட்நோட் தனக்கெனத் தனி வடிவக் கோப்புகளை வைத்துள்ளது.

தொகுப்பு யாருக்கு உரியது?

எண்ட்நோட்டின் நடைக் கோப்புகளைச் சோட்டெரோ படிக்கும்படி செய்ததை எதிர்த்து, அப்போது எண்ட்நோட்டின் உரிமையாளராக இருந்த தாம்சன் ராய்ட்டர்சு நிறுவனம் 2008இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2009இல் வழக்கு தள்ளுபடி ஆனது. ஒரு மென்பொருளின் கோப்பை மற்றொன்று திறக்கலாமா என்பது நீதிமன்றம் வரை செல்லும் அளவுக்குப் பெரிய கேள்வி என்பதை இது காட்டியது.

2018இல் மெண்டலி, பயனரின் கணினியில் உள்ள தரவுத்தளத்தை மறையாக்கம் செய்யத் தொடங்கியது. பாதுகாப்பே காரணம் என்று எல்சவியர் கூறியது. அதன் விளைவாக அத்தரவுத்தளத்தைப் பிற மென்பொருள்கள் நேரடியாகப் படிக்க இயலாமல் போயிற்று. 2022 செப்டம்பரில் மெண்டலியின் பழைய கணினிப் பதிப்பைப் பதிவிறக்கும் வசதியும் நிறுத்தப்பட்டது.

மென்பொருளே மறைந்துபோவதும் உண்டு. நெடுங்காலம் விற்பனையில் இருந்த 'ரெஃபரன்சு மேனேசர்' 2015 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. இணையத்தில் இலவசமாக இயங்கிய 'சைட்யூலைக்' 2019இல் மூடப்பட்டது.

இத்தகைய நிலையில் ஆய்வாளருக்குத் துணை நிற்பவை ஆர்.ஐ.எஸ்., பிப்டெக் என்னும் பொது வடிவங்கள். மேற்கண்ட நான்கு மென்பொருள்களும் இவற்றில் ஏற்றுமதி செய்யும். ஆனால் நூல் விவரங்கள் இடம்பெயர்வதைப் போல எல்லாமும் இடம்பெயர்வதில்லை. கோப்புறை அமைப்பும், பி.டி.எஃப். பக்கங்களில் இட்ட வண்ணக் கோடுகளும் ஓரக் குறிப்புகளும் இம்மாற்றத்தில் விடுபட்டுப்போகக்கூடும்.

தமிழ் நூல்களைப் பதிதல்

இம்மென்பொருள்கள் ஒருங்குறி எழுத்தை ஏற்பதால் தமிழில் விவரங்களைப் பதியலாம். எனினும் சில இடங்களில் கவனம் தேவை. இவை ஆசிரியர் பெயரைக் 'குடும்பப் பெயர்', 'முதற்பெயர்' என இரண்டாகப் பிரிக்கின்றன. தமிழ்ப் பெயர்களில் முன்னால் வரும் முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. மு. வரதராசன் என்னும் பெயரில் 'வரதராசன்' என்பதைக் குடும்பப் பெயருக்குரிய கட்டத்திலும் 'மு.' என்பதை மற்றதிலும் இட்டால்தான் பட்டியல் 'வ' வரிசையில் சரியாக அமையும். கல்கி போன்ற புனைபெயருக்குச் சோட்டெரோவில் ஒற்றைக் கட்ட முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பழைய தமிழ் நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண் இராது, அவற்றைக் கையால் பதிய வேண்டும். மேலும், ஆவணத்தின் மேற்கோள் மொழி ஆங்கிலமாக இருந்தால் தமிழ் நூலின் பதிவிலும் 'பதிப்பாசிரியர்', 'மற்றும் பிறர்' ஆகியவற்றுக்கு உரிய ஆங்கிலச் சுருக்கங்களே வரும். இவற்றை இறுதிப் படியில் திருத்திக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

லாடெக்கில் எழுதுவோருக்கு ஜாப்ரெஃப் பொருத்தமானது. செலவின்றிப் பல எழுதுகருவிகளில் எழுதுவோருக்குச் சோட்டெரோ ஏற்றது. இணையத்தில் கூடுதல் இலவச இடம் வேண்டுவோர் மெண்டலியைக் கருதலாம். பல்கலைக்கழக உரிமம் உள்ளோர் எண்ட்நோட்டைப் பயன்படுத்தலாம். படிப்பு முடிந்த பின் அந்த உரிமம் தொடருமா என்பதை முன்பே கேட்டறிவது நல்லது.

எதைத் தேர்ந்தாலும், தொடக்கத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பத்து நூல்களைப் பதிந்து, அவற்றை ஆர்.ஐ.எஸ். வடிவில் ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தால் எவை வருகின்றன, எவை விடுபடுகின்றன என்பது தெரிந்துவிடும். பின்னர் மாதம் ஒரு முறை அவ்வாறே ஏற்றுமதி செய்து தனியே ஒரு படி வைத்துக்கொள்ளலாம். இணையத்திலிருந்து வரும் விவரங்களில் எழுத்துப்பிழை, தவறான ஆண்டு, விடுபட்ட பக்க எண் ஆகியவை இருக்கக்கூடும். மென்பொருள் அவற்றை அப்படியே பட்டியலில் சேர்த்துவிடும். நூலின் தலைப்புப் பக்கத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது ஆய்வாளரின் பொறுப்பாகும்.