கைக்கேற்ற மட்டை

டென்னிஸ் பழகப் புகும் இளைஞர் பலர், வெற்றிவீரர் கையிலுள்ள மட்டையையே தாமும் நாடுவர். அஃது எல்லார்க்கும் பொருந்துமா?

முற்காலத்து மர மட்டையின் முகம் ஏறத்தாழ 70 சதுர அங்குலமே. பந்து நடுவிற் படாவிடின் மட்டை கையிற் சுழலும். 1976ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹவார்ட் ஹெட் என்பாரின் முயற்சியால், 110 சதுர அங்குல முகமுடைய அலுமினிய மட்டை விற்பனைக்கு வந்தது. முகம் அகலவே சுழற்சி குறைந்தது. குறி சற்றுத் தவறினும் பந்து வலையைக் கடந்தது. பொழுதுபோக்காக ஆடுவோர்க்கு இது பெருந்துணை.

இன்றைய காபன் இழை மட்டைகள் மர மட்டையிலும் இலேசானவை. ஆயினும் இலேசானவையெல்லாம் நல்லனவல்ல. மிக இலேசாயும் விறைப்பாயும் உள்ள மட்டை, பந்து மோதும் அதிர்ச்சியைக் கைக்கே கடத்தும். நாளடைவில் முழங்கை நோவும். சற்றுப் பாரமான மட்டையோ அதிர்ச்சியிற் பெரும்பகுதியைத் தானே தாங்கும். நரம்பை இறுக்கிக் கட்டினால், பந்தைக் குறித்த இடத்திற்கு அனுப்புதல் எளிது. தளர்த்தினால் பந்தின் வேகம் கூடும், கைக்கும் இதமாயிருக்கும்.

ஆதலின், வாங்குமுன் நண்பரிடம் இரவல் பெற்றேனும் அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். மறுநாட் காலையில் உங்கள் முழங்கை கூறும் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு.